வடக்கில் நிலமே எரிந்த வருசம்

வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது அலுவலகத்துப் பிள்ளைகள் ஒரு கேக்கும் ஒரு பூச்செடியும் தந்து, "உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். இங்கிலிஷில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பிவிட்டேன். அதில் எல்லாம் நல்ல செய்தி, நன்றி, வணக்கம். பூச்செடி ஒரு மாதத்தில் பட்டுப்போயிற்று. அந்த இரண்டு பக்கத்தில் எழுத மனம் வராததைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் நெருப்பு அணைக்கிறவள் இல்லை. நெருப்பு எங்கே போகும், எவ்வளவு வேகத்தில் போகும் என்று சொல்கிறவள். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலக் காட்டுத் தீப் பிரிவில் அப்படி ஒரு வேலை இருக்கிறது. காற்று, ஈரப்பதன், மலையின் சரிவு, காய்ந்த சருகு எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, வரைபடத்தில் ஒரு கோடு கீற வேண்டும். அந்தக் கோட்டை நம்பித்தான் ஆட்கள் காட்டுக்குள் போவார்கள். யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துவிட்டு மெல்பேர்ணுக்கு வந்து, முதலில் வானிலைத் தரவு பதிகிற வேலை, பிறகு பின்னேர வகுப்புகள், பிறகு இது. மெல்பேர்ணின் கிளென் வேவர்லியில் இருக்கும் என் சொந்தக்காரர் பலருக்கு நான் செய்தது என்னவென்று இன்றைக்கும் விளங்கவில்லை. "பயர் பிரிகேட்டில கிளார்க்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

எங்கள் தொழிலின் முதல் பாடம் ஒன்றே ஒன்றுதான். காற்றுத் திரும்பினால் கறுப்புக்குள் போ. கறுப்பு என்பது எரிந்து முடிந்த இடம். அங்கே எரிய இனி ஒன்றும் இல்லை, ஆகவே அதுதான் பாதுகாப்பு. அவுஸ்திரேலியக் காட்டுத் தீயணைப்பாளர்கள் கறுப்பில் நின்றுதான் தண்ணீர் குடிப்பார்கள், கறுப்பில் இருந்துதான் சாண்ட்விச் சாப்பிடுவார்கள். யூக்கலிப்ரஸ் காட்டில் அது உயிர் காத்த பாடம். அதை நான் நூறு தடவை மேடையில் நின்று சொல்லியிருக்கிறேன், சரியாகவே சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்குக் குளிர்காலம் வரும்போது கனடாவின் வடக்கில் கோடை. அங்கே காடு எரிந்தால் எங்கள் ஆட்கள் போவார்கள், இங்கே எரிந்தால் அவர்கள் வருவார்கள். ஓய்வுக்கு முந்தைய வருசம் ஒரு குழுவோடு என்னையும் அனுப்பினார்கள். முன்பு ஒருமுறை போயிருந்தேன், ஆனால் அப்போது நகரத்தில் ஒரு கட்டடத்தில் இருந்து கொம்பியூட்டரைப் பார்த்ததுதான். இந்தமுறை வடக்கே, கூடாரத்தில்.

குழுவில் இன்னொரு தமிழர் இருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். நிமலன். படகில் வந்து, வருசக்கணக்காகத் தற்காலிக விசாவில் கோழிப் பண்ணையிலும் மரக்காலையிலும் வேலை செய்து, மெல்பேர்ணுக்குக் கிழக்கே கிப்ஸ்லாண்டில் கோடைகாலத் தீயணைப்பு வேலைக்குச் சேர்ந்தவன். நிரந்தர விசா அப்போதுதான் கிடைத்திருந்தது. வந்த நாளில் இருந்து நாட்டை விட்டு வெளியே போவது அதுவே முதல்தரம். விமானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரனிடம் கெஞ்சி இடம் மாறி வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கனடாவுக்குப் போறதெண்டா எங்கட ஆக்கள் கலியாண வீட்டுக்குத்தான் போவினம். நாங்கள் ரெண்டு பேரும்தான் நெருப்புப் பாக்கப் போறம்."

"வாயை மூடும் தம்பி, நான் கொஞ்சம் படுக்கவேணும்" என்றேன். படுக்க விடவில்லை.

அவனுக்கு எல்லாம் தெரிய வேண்டும். அந்தக் காட்டைப் பற்றிச் சொன்னேன். வடக்குக் காடு நெருப்போடு பிறந்த காடு. அங்கே ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம் தன் காய்களைப் பிசினால் மூடி வைத்திருக்கும். நெருப்புச் சூட்டில் பிசின் உருகிக் காய் திறந்து விதை சாம்பலில் விழும். பழைய காடு போய்ப் புதுக் காடு வரும். மான், முயல், பறவை எல்லாம் அந்தச் சுற்றை நம்பித்தான் வாழ்கின்றன. காட்டுக்கு நெருப்பு எதிரி இல்லை என்று முடித்தேன். இது நான் வழக்கமாகச் செய்கிற பிரசங்கம்.

"அப்ப நாங்கள் ஏனக்கா அணைக்கப் போறம்?"

"அதுக்குப் பக்கத்தில சனம் இருக்குது. அதோட முந்தி ஒரு தலைமுறைக்கு ஒருக்கா எரிஞ்ச இடம் இப்ப அடிக்கடி எரியுது."

"அப்ப விதை முத்த முதலே எரிஞ்சா?"

இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வியை, கடலைப் பக்கெற்றைக் கிழித்துக்கொண்டே கேட்டான். எனக்கு அவனை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

முகாமில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவள் டோரீன். அந்த வடக்குப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த பெண், என் வயது இருக்கும். மெதுவாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நமக்கே கேள்வி மறந்துவிடும். இங்கிலிஷில் அவள் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன். ஒரு நெருப்பை "அணைந்துவிட்டது" என்று அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. "புகை தெரியவில்லை" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் பெயராது. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. மேலிடத்துக்கு அறிக்கை எழுதுகிறவளுக்கு ஆம் அல்லது இல்லை வேண்டும்.

வந்த மூன்றாம் நாள் என்னைக் காட்டுக்குக் கூட்டிப் போனாள். எரிந்துபோன ஓர் இடத்தின் விளிம்பு. சாம்பல் ஆறிக் கிடந்தது, புகை இல்லை. டோரீன் இரும்புக் கம்பியால் முன்னே குத்திக் குத்திப் பார்த்துத்தான் ஒவ்வோர் அடியும் வைத்தாள். ஓரிடத்தில் முழங்காலூன்றி, கையுறையைக் கழற்றி, புறங்கையை நிலத்துக்கு மேலே பிடித்தாள். பிறகு மெல்ல இறக்கினாள். உள்ளங்கை உழைத்துத் தடித்தது, பொய் சொல்லும்; புறங்கைத் தோல் மெல்லியது என்றாள். பிறகு விரலால் சாம்பலைக் கிளறி, அந்தக் குழிக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று. முழங்கை வரை போயிற்று. சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"நீ வை" என்றாள்.

வைத்தேன். மேலே சில்லென்றிருந்த மண், ஒரு சாண் கீழே தோசைக்கல்லாகச் சுட்டது.

அந்த நிலம் மண்ணே இல்லை. பாசியும் வேரும் இலையும் குளிரில் மக்காமல், ஆயிரக்கணக்கான வருசமாக அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பது. பீட் என்பார்கள். ஈரமாகவும் அடியில் உறைந்தும் இருந்தவரை நெருப்பு அதன் மேல்தோலைச் சுட்டுவிட்டுப் போய்விடும். இப்போது சூடு கூடி, உறைந்தது இளகி, ஈரம் வடிந்து, நிலமே விறகாகிவிட்டது. மேலே ஒரு சுடரும் தெரியாது. கீழே ஊர்ந்துகொண்டே போகும். இதையெல்லாம் நான் வாசித்திருந்தேன். அதைப் பற்றிய கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். கை சுட்ட பிறகுதான் அது உண்மை என்று என் உடம்பு ஒத்துக்கொண்டது.

ஒவ்வொரு நாள் காலையும் டோரீன் எங்கள் குழுவுக்கு ஒரே விசயத்தைச் சொன்னாள். "இங்கே கறுப்பு முடிந்துபோன இடம் இல்லை. அதற்குள் நிற்காதே, இருக்காதே, சாப்பிடாதே." எல்லாரும் தலையாட்டினார்கள். விமானத்தில் பாதுகாப்புச் செய்முறை காட்டும்போது தலையாட்டுவோமே, அப்படி. அவர்கள் அசட்டையானவர்கள் இல்லை. இருபது வருசப் பழக்கத்துக்கு எதிராக ஒரு வசனம் என்ன செய்யும்?

அந்த நாளுக்கு வருகிறேன்.

குழு நெருப்பின் பக்கவாட்டில், எரியாத காட்டுக்கும் எரிந்த இடத்துக்கும் இடையே வேலை செய்துகொண்டிருந்தது. நான் முகாமில் இருந்தேன். காலையிலேயே காற்றின் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மழை இல்லாமல் ஒரு குளிர்காற்றுத் திரள் வருகிறது, மேற்கில் இருந்து வீசுகிற காற்று பின்னேரம் வடக்கில் இருந்து வீசும், நெருப்பின் பக்கவாடு முழுவதும் முன்னேறுகிற முனையாக மாறும் என்று கணித்தேன். மெல்பேர்ண்காரிக்குக் காற்றுத் திரும்புவதைப் பற்றி ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எங்கள் மாநிலத்துக் காட்டுத் தீகளில் அதிகம் பேரைக் கொன்றது அதுதான். ரேடியோவில் எச்சரித்தேன். சொன்ன நேரத்துக்குச் சொன்ன பக்கத்தில் இருந்து காற்று வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

குழுத் தலைவன் டேமியன், கிப்ஸ்லாண்டுக்காரன், நல்ல மனிதன். நெருப்பு மர உச்சிக்கு ஏறி அவர்கள் பக்கம் திரும்பியதும் அவன் கத்தியது ரேடியோவில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கறுப்புக்குள் போ! எல்லாரும் கறுப்புக்குள்!"

என் பக்கத்தில் டோரீன் எழுந்து நின்றாள். மெதுவாகப் பேசுகிற பெண் மைக்கைப் பறித்து, "வேண்டாம், வேண்டாம், சரளை வீதிக்கு!" என்று கத்தினாள். அவர்கள் ஏற்கனவே உள்ளே ஓடிவிட்டார்கள்.

மற்றவர்கள் கறுப்பின் விளிம்பைத் தாண்டியதும் நின்றுவிட்டார்கள். நிமலன் ஒரு தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு பத்தடி கூடுதலாகப் போயிருக்கிறான். நிலம் திறந்தது. சத்தமே இல்லாமல் தொடை வரைக்கும் உள்ளே போனான் என்று டேமியன் பிறகு சொன்னான். மேலே வெறும் சாம்பல் மூடி. கீழே தணல் நிறைந்த பள்ளம். ஒரு காலை வெளியே எறிந்து படுத்துவிட்டான். மற்றக் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. ரேக்ஹோ என்கிற எங்கள் மண்வெட்டியின் பிடியை நீட்டி இழுத்திருக்கிறார்கள். அந்த நேரம் காற்றே இல்லாத பக்கத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம் தானாக, வேரோடு, அவர்களுக்குப் பக்கத்தில் சாய்ந்தது. வேர் எல்லாம் ஏற்கனவே எரிந்துவிட்டது. நின்றது வெறும் மரம்.

ரேடியோவில் நான் கேட்டது நிமலனின் குரல். அவன் தமிழில் கத்தினான். "அம்மா" என்று கத்தவில்லை. "எரியுது, கீழ எரியுது, கீழ எரியுது" என்றான். அந்தக் கூடாரத்தில் அது விளங்கிய ஒரே ஆள் நான். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு இங்கிலிஷ் வரவில்லை. இத்தனை வருசம் பேசிய மொழியில் ஒரு சொல் வரவில்லை.

ஹெலிகொப்டர் அவனைக் கொண்டு போயிற்று. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

என் கணிப்புச் சரி. டேமியனின் கட்டளையும் நாங்கள் படித்த படிப்பின்படி சரி. நிமலன் கீழ்ப்படிந்ததும் சரி. விசாரணையில் மூன்று பேரும் அதைத்தான் சொன்னோம். எல்லாரும் சரியாகச் செய்து ஒருவனின் கால் எரிந்தது. யாராவது பிழை விட்டிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும். போர் தப்பி, கடல் தப்பி வந்த பிள்ளை, எரிந்து முடிந்த இடம் என்று நாங்கள் சொல்லிக் கொடுத்த இடத்தில் விழுந்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் டோரீன் அந்தப் பள்ளத்தைப் பார்க்கப் போனாள். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். ஹெலிகொப்டரில் இருந்து தண்ணீர் ஊற்றி நனைத்திருந்தார்கள். டோரீன் கம்பியால் சுற்றிவரக் குத்தி உறுதியான விளிம்பைக் கண்டுபிடித்து, பலகை போட்டு, அதில் படுத்துக்கொண்டு பள்ளத்தின் சுவரை மண்வெட்டியால் செதுக்கினாள். மேலே சாம்பல். அதன் கீழே கபில நிறம், அதில் வேரும் இலையும் இன்னும் அடையாளம் தெரிந்தன. இன்னும் கீழே கறுத்துப்போன, பிழிந்தால் நீர் வரவேண்டிய படை. அது உதிர்ந்தது. வருசம் முழுக்க உறைந்தே கிடக்கும் பனிக்கட்டி அதற்கும் கீழே இருக்க வேண்டும். தன் சின்ன வயதில் முழங்கை ஆழத்தில் கம்பி கட்டியில் இடிக்கும் என்றாள். இப்போது கம்பி முழுவதும் இறங்கியது. இடிக்கவில்லை. கம்பியின் கைப்பிடி நிலத்தைத் தொட்டு நின்றது.

டோரீன் அப்படியே படுத்திருந்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "காடு திரும்ப முளைக்கும்தானே, விதை இருக்கும்" என்றேன்.

"விதை விழ நிலம் வேண்டும்" என்றாள். "என் அப்பா காலத்து நெருப்பு இந்தக் கறுப்புப் படையைத் தொடவில்லை. அவருடைய அப்பா காலத்து நெருப்பும் தொடவில்லை. இவ்வளவு காலம் நிலம் பிடித்து வைத்திருந்த கரி எல்லாம் இப்போது புகையாகி ஆகாயத்துக்குப் போகிறது. அது போனால் பூமி இன்னும் சூடாகும். சூடானால் இன்னும் ஆழமாக எரியும்." இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. பேசிவிட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, அவளுடைய சப்பாத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்க வேறொன்றும் எட்டவில்லை.

மெல்பேர்ணில் நிமலன் மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்தான். செயற்கைக் காலோடு நடக்கப் பழகினான், விழுந்தான், பழகினான். அவன் மனைவி சுகந்தி வேலை முடிந்து சாப்பாட்டோடு வருவாள். நான் பார்க்கப் போகும் ஒவ்வொரு தரமும் நிமலன் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி.

"அக்கா, அது அணைஞ்சிட்டுதே?"

"இன்னும் இல்லைத் தம்பி."

தன் காலைப் பற்றி அவன் இவ்வளவு கேட்கவில்லை. அந்த நெருப்புச் செத்தால்தான் தனக்கு நித்திரை வரும் என்று சுகந்தியிடம் சொல்லியிருக்கிறான். பிறகு ஒரு நாள் வடக்கில் பனி கொட்டத் தொடங்கியது. இடுப்பளவு மூடிவிட்டது. மேலிடம் அந்தத் தீயை அணைந்துவிட்டதாக அறிவித்தது. டோரீன் எனக்கு அனுப்பிய செய்தியில் வழக்கமான சொல் மட்டும்தான் இருந்தது: புகை தெரியவில்லை. நான் அதை நிமலனுக்குச் சொல்லவில்லை, டேமியன் மேலிடத்தின் அறிவிப்பைச் சொல்லிவிட்டான். அன்றைக்குச் சுகந்தி உழுந்து வடை சுட்டு வார்டு முழுவதற்கும் கொடுத்தாள். தாதிமாருக்கு உறைப்புத் தாங்காமல் கண்ணீர் வந்தது. நிமலன் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தான். நானும் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இங்கே இலையுதிர்காலம், அங்கே குளிர்காலம் முடிகிற நேரம், டோரீன் ரெலிபோன் எடுத்தாள். ஒரு படம் அனுப்பியிருக்கிறேன், பார் என்றாள். பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பனி. அதன் நடுவில் அங்கங்கே ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையில் இருந்தும் புகை. குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் அது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. பனி விழுந்தால் வடக்குத் தீ முடிந்தது என்றுதான் என் தொழிலில் நம்பியிருந்தேன்; அதை ஒருபோதும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

நிமலனுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். படத்தை நெடுநேரம் பார்த்தான்.

"நான் விழுந்த இடம் இதில எங்கை?"

காட்டினேன். அங்கும் புகை.

"ஆர் போகினம் இந்தமுறை?"

"டேமியன்ர ஆக்கள்தான். புதுசா சேந்த பிள்ளையளும்."

"என்னை ஒருக்கா டிப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றான்.

குழு புறப்படுகிற காலையில் கிப்ஸ்லாண்ட் தீயணைப்பு டிப்போவில் நான் வழக்கம்போல வானிலையும் வரைபடமும் விளக்கினேன். முடிந்ததும் டேமியன் நிமலனைப் பேசச் சொன்னான். நிமலன் எழுந்து மேசைக்குப் போனான். காற்சட்டையை மடித்து, பட்டியைக் கழற்றி, செயற்கைக் காலை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான்.

"இது போனது கறுப்பில்" என்று இங்கிலிஷில் சொன்னான். "அதற்குள் போகாதே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். தலையாட்டினேன். காற்று வந்ததும் கால் தானாகப் போயிற்று. உங்கள் காலும் தானாகப் போகும். இன்றைக்கே அதற்குச் சொல்லிவையுங்கள்."

முன்வரிசையில் கேட்டி என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கையை உயர்த்தினாள். அவள் கேட்டது என்னை.

"கறுப்புக்குள் போகக் கூடாது என்றால், நாங்கள் எங்கே ஓடுவது?"

"சரளை வீதி இருக்கிறது, ஏரி இருக்கிறது" என்று வரைபடத்தில் தொட்டேன். அவள் எழுந்து வந்து, தாங்கள் வேலை செய்யப் போகிற இடத்தில் விரலை வைத்தாள். அங்கிருந்து வீதி வரையும் ஏரி வரையும் கிடந்தது முழுவதும் பீட்.

"காற்றுத் திரும்பினால் அவ்வளவு தூரம் போக நேரம் இருக்குமா?"

என் உத்தியோகமே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். முப்பது வருசமாகச் சம்பளம் வாங்கியது அதற்குத்தான். "பொதுவாக..." என்று தொடங்கினேன்.

"அக்கா" என்றான் நிமலன், தமிழில், மெதுவாக. "இதுகளுக்குப் பொய் சொல்லாதேங்கோ."

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

கேட்டி தலையசைத்துவிட்டுத் தன் பையை எடுத்தாள். வெளியே பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள்.